கண்டாங்கியா, செட்டிநாடா?

எங்கள் வட்டாரத்தின் பெயரை ஒரு சேலையின் மேல் பார்த்தால் பெருமைப்பட வேண்டும் என்று வீட்டில் எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு அந்தப் பெருமை முழுசாக வரவில்லை. சென்னையில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் ‘செட்டிநாடு காட்டன்’ என்று எழுதி ஓர் அடுக்கு முழுக்க வைத்திருந்தார்கள். ஒன்றை எடுத்துப் பிரித்துப் பார்த்தேன். கட்டம் நெசவில் விழுந்திருந்தால் முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். இதில் பின்பக்கம் வெளிறிக் கிடந்தது. அச்சடித்த கட்டம். எங்கே நெய்தது என்று விற்கிற பெண்ணிடம் கேட்டால், "பேர்லயே இருக்கேக்கா" என்றாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை, அவளுக்கு வந்த சீட்டில் அப்படித்தான் இருந்தது. ஆனால் அன்று பிடித்த கேள்வி என்னை விடவில்லை. ஓர் ஊரின் பெயர் எப்படி ஒரு துணியின் பெயராகிறது? அதை யார் வைக்கிறார்கள்? வைத்த பிறகு அந்த ஊருக்கு அதில் என்ன மிச்சம் இருக்கிறது?

பள்ளத்தூரில் ஒரு கல்யாண வீட்டில் இதைப் பற்றிப் பேச்சு வந்தபோது, பெரியப்பச்சி (பெரியப்பா) மகன் அண்ணன் என் பேச்சை ஒத்துக்கொள்ளவே இல்லை. "பேரு பரவுறது நல்லதுதானே. காஞ்சிபுரம்னா உலகத்துக்கே பட்டு ஞாபகம் வருது. நம்ம ஊருக்கும் அப்படி வரட்டுமே, உனக்கு என்ன?" என்றார். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. செட்டிநாட்டுச் சமையல் என்று பலகை போடாத நெடுஞ்சாலை இன்று தமிழ்நாட்டில் கிடையாது. அந்த உணவகங்களில் பாதிக்கு மேல் எங்கள் வீட்டுச் சமையலோடு சம்பந்தம் இல்லாத எண்ணெய்க் குழம்புதான் கிடைக்கும். அதை நான் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. சாப்பாடு பிடிக்காவிட்டால் அடுத்த கடைக்குப் போகலாம். துணி அப்படியில்லை, அதற்குப் பின்னால் தறியில் உட்கார்ந்து ஒருவர் கூலியை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறார். இதை அன்றைக்கு அண்ணனிடம் சரியாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு அலமாரியில் இருக்கிற ஒவ்வொரு துணியின் பெயரையும் பிடித்து இழுத்துப் பார்க்க ஆரம்பித்தேன்.

ஊருக்குள் அந்தப் பெயர் கிடையாது

தமிழுக்கு இது புதிய பழக்கம் அல்ல. சங்கப் பாட்டுகளில் துணிக்கு ‘கலிங்கம்’ என்று ஒரு பெயர் வருகிறது. ஆய் என்னும் வள்ளல், நாகம் தந்த கலிங்கத்தை ஆலமரத்தடிக் கடவுளுக்குக் கொடுத்தான் என்று சிறுபாணாற்றுப்படை பாடுகிறது. கலிங்க நாட்டிலிருந்து வந்த நெசவுக்கு ஊரின் பெயரே ஒட்டி, அப்புறம் நல்ல துணி எதற்கும் அதுவே பெயராகிவிட்டது என்பார்கள். அந்தக் காலத்து மதுரையில் அறுவை வாணிகன் இளவேட்டனார் என்று ஒரு புலவரே இருந்தார். அறுவை என்றால் துணி. துணி விற்றவர் பாட்டும் எழுதியிருக்கிறார். அவர் கடையில் யாராவது கலிங்கம் கேட்டு வந்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்க எனக்குப் பிடிக்கும். கலிங்க நாட்டில் தறியில் இருந்தவர் அதைக் கலிங்கம் என்று சொல்லியிருக்க மாட்டார். சொந்த ஊரில் அது வெறும் துணிதான்.

இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு போனால் உலகம் முழுக்க இதே கதைதான். கோழிக்கோட்டிலிருந்து கப்பலேறிய பருத்தித் துணி, இறங்கிய இடத்தில் காலிக்கோ ஆனது. ஈராக்கின் மோசுல் நகரத்துப் பெயரில் மஸ்லின். டமாஸ்கஸ் பெயரில் டமாஸ்க். பிரான்ஸின் நீம் நகரத்திலிருந்து வந்த முரட்டுத் துணி ‘நீமிலிருந்து’ என்ற பொருளில் டெனிம் ஆனது. இத்தாலியின் ஜெனோவாவை பிரெஞ்சுக்காரர்கள் அழைத்த பெயரிலிருந்து ஜீன்ஸ். பம்பாயின் டோங்கிரியிலிருந்து டங்கரீ. பட்டுப்போல வழவழக்கும் சாட்டின் துணிக்கு, அரபு வணிகர்கள் ஜைத்தூன் என்று அழைத்த சீனத் துறைமுகத்தின் பெயர். இன்றைய சுவான்சோ நகரம் அது. அங்கே 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. சிவனுக்குக் கோயில் எழுப்பியதைச் சொல்கிற கல்வெட்டு. ரிப்பன் கடையில் ‘சாட்டின் ரிப்பன் ரெண்டு மீட்டர்’ என்று கேட்கிற பிள்ளைகளுக்கு இதைச் சொல்ல வேண்டும் என்று எனக்கு எப்போதும் ஆசை. அந்தச் சொல் பிறந்த துறையில் நம் ஆட்கள் கோயில் கட்டிக் கும்பிட்டிருக்கிறார்கள்.

பனாமா தொப்பியை எடுத்துக்கொண்டால் இன்னும் தெளிவாகிறது. அது நெய்யப்படுவது ஈக்வடாரில். பனாமா வழியாகக் கைமாறியதால் விற்ற இடத்தின் பெயர் நின்றுவிட்டது. நாம் வாசலில் கழற்றிப் போடுகிற ஹவாய் செருப்பும் அப்படித்தான். அதன் மூலம் ஜப்பான். பிழைப்புத் தேடி ஹவாய்க்குப் போன ஜப்பானியர்களின் காலோடு போய், அங்கே ஒரு பெயரை வாங்கிக்கொண்டது.

எங்கள் வீட்டிலேயே ஒன்று நடந்திருக்கிறது. ஐயா, அதாவது எங்கள் தாத்தா, மலேயாவில் கணக்குப் பார்த்த காலத்தில், ஊருக்கு வரும்போது கட்டம் போட்ட கைலிகள் கொண்டுவருவாராம். வீட்டில் அதற்குப் ‘பினாங்கு கைலி’ என்று பெயர். அதைக் கட்டிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தால் கப்பலேறி வந்தவர் என்று தெருவுக்கே தெரியும். மலாய்க்காரர்களிடம் கேட்டால் அந்தக் கட்டம் போட்ட சாரத்துக்கு ‘காயின் பெலிக்காட்’ என்பார்கள். பெலிக்காட் என்பது வேறொன்றும் இல்லை, சென்னைக்கு வடக்கே இருக்கிற நம் பழவேற்காடு. டச்சுக்காரர்கள் கோட்டை கட்டி, சோழமண்டலக் கரையில் நெய்த துணிகளை மூட்டை மூட்டையாகக் கிழக்கே அனுப்பிய துறைமுகம். நம் கரையிலிருந்து போன துணிக்கு மலாய்க்காரர் நம் ஊர்ப் பெயரை வைத்தார். அதையே நாம் அவர்கள் ஊரில் காசு கொடுத்து வாங்கிவந்து, அவர்கள் ஊர்ப் பெயரை வைத்தோம். ஆப்பிரிக்காவில் நைஜீரியாவின் இக்போ மக்கள் கல்யாணத்துக்குக் கட்டுகிற துணிக்கு ‘ஜார்ஜ்’ என்று பெயர். அந்த ஜார்ஜ், சென்னைக் கோட்டையின் ஜார்ஜ். சென்னைக்குள் ஜவுளிக்கடையில் போய் ஜார்ஜ் கேட்டால் திருதிருவென்று விழிப்பார்கள்.

ஒரு துணிக்கு ஊர்ப்பெயர் ஒட்டியிருந்தால், அது ஊரைவிட்டுப் போய்விட்டது என்று அர்த்தம். தபாலில் அனுப்புநர் முகவரி எழுதுவதுபோல, வெளியூர் போகிற சரக்குக்குத்தான் அது தேவைப்படுகிறது. காஞ்சிபுரத்தில் தறிக்காரர் பட்டு என்றுதான் சொல்வார். ஆயா என்று நாங்கள் கூப்பிடுகிற எங்கள் பாட்டிக்கும் ‘செட்டிநாடு காட்டன்’ என்ற பெயர் தெரியாது. அவர் கட்டியது கண்டாங்கி. அரக்குச் சிவப்பில் உடம்பு, மாம்பழ மஞ்சளில் முழ அகலத்துக்குக் கரை. உள்பாவாடை இல்லாமல், பின்கொசுவம் வைத்து, கணுக்காலுக்கு மேலே நிற்கும்படி கட்டுவார். புதிதில் அட்டை மாதிரி விறைப்பாக இருக்கும். துவைக்கத் துவைக்கத்தான் இளகும். நன்றாக இளகிய பிறகு அதில் பிள்ளைக்குத் தூளி கட்டுவார்கள். எங்கள் வீட்டில் பல பேர் அப்படி ஒரு கண்டாங்கித் தூளியில் தூங்கியவர்கள்தான்.

சட்டை போடாத வணிகர்

பனியனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வணிகரைக் குறிக்கும் குஜராத்திச் சொல்லான ‘வாணியோ’வைப் போர்த்துக்கீசியர் ‘பனியன்’ ஆக்கினார்கள். அந்த வணிகர்கள் போட்டிருந்த தொளதொளத்த மேலங்கிக்கும் அந்தப் பெயர் போனது. அவர்கள் நிழலுக்கு உட்கார்ந்த ஆலமரத்துக்கும் ஆங்கிலத்தில் அதே பெயர். ஐரோப்பியர் வீட்டில் ஓய்வாகப் போட்டுக்கொண்ட அங்கிக்கு அந்தப் பெயர் வழங்கி, கடைசியில் இந்தியாவில் உள்சட்டையில் வந்து நின்றது. இன்று திருப்பூர் என்றால் பனியன், பனியன் என்றால் திருப்பூர். நம் வாயில் வணிகர் என்று வருகிற சொல்லும் இதுவும் ஒரே வேரில் கிளைத்தவை.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு கானாடுகாத்தானிலும் தேவகோட்டையிலும் பழைய வீடுகளின் முகப்பில் மாட்டியிருக்கிற படங்களை வேறு கண்ணோடு பார்க்க வேண்டியதாயிற்று. பர்மா, இலங்கை, மலேயா என்று போய்க் கொண்டுவிற்ற, அதாவது வணிகம் செய்த, பெரியவர்கள். நெற்றி நிறையத் திருநீறு, கழுத்தில் உருத்திராட்சம், இடுப்பில் வேட்டி, தோளில் துண்டு. பெரும்பாலானவர்கள் மேலுக்குச் சட்டை போடவில்லை. ரங்கூனில் கிட்டங்கி என்கிற கடையில் கைப்பெட்டியை முன்னால் வைத்துத் தரையில் உட்கார்ந்து வட்டிக் கணக்குப் பார்த்தபோதும் அதே கோலம்தான். ‘வணிகன்’ என்று பெயர் வாங்கிய உடுப்பை, தெற்கே இவ்வளவு பெரிய வணிகக் குடி போட்டுக்கொள்ளவே இல்லை. ஒரு பெயரில் ஒரு கூட்டம் இருக்கிறது என்பதால் அந்தக் கூட்டம் முழுக்க அதில் அடங்கிவிட்டது என்று ஆகாது. செட்டிநாடு காட்டன் பற்றி யோசிக்கும்போது இது எனக்குத் திரும்பத் திரும்ப நினைவுக்கு வருகிறது.

அந்த வீடுகளின் நாற்காலி முதுகில் போட்டிருக்கிற பின்னல் துணிக்கும் இப்படி ஒரு கதை உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பிய ஆண்கள் தலையில் மெக்காஸர் எண்ணெயைத் தடவிக்கொண்டு மெத்தை நாற்காலிகளில் சாய்ந்தார்கள். சுலாவெசித் தீவின் மக்காசார் துறைமுகத்துப் பெயர் அது. நாற்காலியில் எண்ணெய்க் கறை பிடிக்காமல் இருக்கப் போட்ட துணி ‘ஆன்டிமெக்காஸர்’, அதாவது மக்காசாருக்கு எதிரி. எண்ணெய் போய்விட்டது, துணி மட்டும் எங்கள் வீடுகள் வரை வந்து உட்கார்ந்துகொண்டது. தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் தடவிய தலைகளுக்கும் அது பயன்பட்டிருக்கும்.

பெயர் கிடைத்தவர்களும் கிடைக்காதவர்களும்

ஊர்ப்பெயர்களை விட ஆட்பெயர்கள் என்னை அதிகம் சங்கடப்படுத்துகின்றன. முன்பக்கம் பொத்தான் வைத்த கம்பளிச் சட்டை கார்டிகன். கிரிமியப் போரில், 1854-இல் பலாக்ளாவாவில் குதிரைப்படையைச் சாவுக்குள் ஓட்டிச் சென்ற ஆங்கிலேயப் பிரபுவின் பெயர். கழுத்திலிருந்தே தொடங்குகிற கை வைத்த சட்டைக்கு ராக்லன் கை என்பார்கள். அது அதே போரில் தலைமை ஏற்ற, வாட்டர்லூவில் வலது கையை இழந்த தளபதியின் பெயர். நாம் ஊட்டிக்குப் போனால் வாங்குகிற மங்கி குல்லாய்க்கு ஆங்கிலத்தில் அந்தப் போர்க்களத்து ஊரான பலாக்ளாவாவே பெயர். ஒரே போர், மூன்று உடுப்பு. குளிரில் விறைத்துச் செத்த சிப்பாய் எவன் பெயரும் எதிலும் இல்லை. அவர்களுக்காக இங்கிலாந்தில் உட்கார்ந்து கம்பளி பின்னி அனுப்பிய பெண்கள் பெயரும் இல்லை.

ஜீன்ஸ் கால்சட்டையில் செப்புக் கடையாணி அடித்தால் பை கிழியாது என்று கண்டுபிடித்தவர் ஜேக்கப் டேவிஸ். அமெரிக்காவின் ரீனோவில் தையற்கடை வைத்திருந்தவர். காப்புரிமைக்குப் பணம் கட்ட முடியாததால், தனக்குத் துணி விற்கிற மொத்த வியாபாரிக்குக் கடிதம் எழுதினார். 1873 மே 20 அன்று இருவர் பெயரிலும் உரிமை கிடைத்தது. அந்த வியாபாரி லெவி ஸ்ட்ராஸ். இன்று உலகம் முழுக்கப் பின்பக்கத்துத் தோல்சீட்டில் யார் பெயர் இருக்கிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நான் வியாபாரக் குடியில் பிறந்தவள். முதல் போடுகிறவரின் துணிச்சல் எனக்குத் தெரியும், அதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனாலும் கடையாணியை யோசித்த கை தையற்காரர் கை.

மாறாக நடந்த கதைகளும் உண்டு, அவற்றைப் படித்தபோது மனசுக்கு ஆறுதலாக இருந்தது. ஜார்ஜெட் சேலை கட்டாத தமிழ்ப் பெண் அபூர்வம். அது ஜார்ஜெட் த லா பிளாந்த் என்ற பிரெஞ்சுத் தையற்காரியின் பெயர். ஊசி பிடித்த ஒரு பெண் தன் பெயரைக் காரைக்குடி கல்லுக்கட்டிக் கடைவீதி வரை அனுப்பியிருக்கிறாள். ஜாக்கெட்டும் அப்படித்தான். பிரெஞ்சுக் குடியானவர்களைப் பொதுவாக ‘ஜாக்’ என்று அழைத்ததிலிருந்து அந்தச் சொல் வந்ததாகச் சொல்கிறார்கள். ரவிக்கையே போடாத தலைமுறையைப் பார்த்த எங்கள் ஊர்களில், பெண்களின் மேலுடுப்புக்கு வந்து அமர்ந்த சொல்லுக்குள் எங்கோ ஒரு பிரெஞ்சு உழவன் நிற்கிறான். தலைவலிக்கு ஆயா கைக்குட்டையில் நனைத்து நெற்றியில் போடுகிற ஓடிகொலோன், ஜெர்மனியின் கொலோன் நகரத்துத் தண்ணீர். 1709-இல் அங்கே தொழில் தொடங்கிய பரீனா குடும்பத்தின் யோகான் மரியா பரீனா இத்தாலியிலிருந்து வந்தவர். தன்னை ஏற்றுக்கொண்ட ஊருக்கு மரியாதையாக அந்தப் பெயரை வைத்தார். செய்தவரே விரும்பி வைத்த ஊர்ப்பெயர். இப்படியும் நடக்கலாம் என்பதற்கு அந்தச் சின்னக் குப்பி எனக்கு ஒரு சாட்சி.

நம் பக்கத்துப் பெயர்களில் வியாபாரி வருவதற்கு முன்பே ஜனங்கள் முந்திக்கொள்கிறார்கள். தியாகராஜ பாகவதரைப் பார்த்து முடி வளர்த்தவர்கள் பாகவதர் கிராப்பு என்று தாங்களே பெயர் வைத்தார்கள். ஆண்டாள் கொண்டை ஸ்ரீவில்லிபுத்தூர்ச் சன்னிதியிலிருந்து பரதநாட்டிய மேடை வரை வந்தது. எங்கள் பள்ளிக்கூடக் காலத்தில் நதியா கம்மல் இல்லாத காது இல்லை. பொருட்காட்சிக் கடைக்காரர் கூடையைத் திறக்கும் முன்பே பிள்ளைகள் பெயர் சொல்லிக் கேட்டார்கள். காந்தி குல்லாய் இவற்றிலெல்லாம் தனி. 1921 செப்டம்பர் 22 அன்று மதுரையில் காந்தி சட்டையையும் தொப்பியையும் விட்டுவிட்டு அரை வேட்டிக்கு மாறினார். 1927-இல் கதருக்காகச் செட்டிநாட்டில் சுற்றியபோது அவர் தலையில் ஒன்றும் இல்லை. வரவேற்றவர்கள் பலர் தலையில் காந்தி குல்லாய் இருந்திருக்கும். உரியவர் கைவிட்ட பிறகும் அன்பு வைத்தவர்கள் விடாமல் பிடித்துக்கொண்ட பெயர் அது.

தறி வீட்டில்

சிங்கப்பூரில் இருக்கிற அண்ணன் மகள் ஒரு நல்ல ‘செட்டிநாடு’ வேண்டும் என்று கேட்டிருந்தாள். கடையில் வாங்க மனமில்லாமல், காரைக்குடியில் நெசவாளர் வீடு ஒன்றுக்கு நேரே போனேன். கூடத்தில் குழித்தறி. நெசவாளர் ஐயா காலைப் பள்ளத்தில் விட்டு மிதித்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி வாசல்பக்கம் உட்கார்ந்து ராட்டையில் தார்க்குச்சிக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தார். "வாங்க ஆச்சி" என்று பாயை உதறிப் போட்டுவிட்டு, வெகு சாதாரணமாக அந்த அம்மா கேட்டார்: "உங்களுக்குக் கண்டாங்கியா, செட்டிநாடா?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. செட்டிநாட்டில், செட்டிநாட்டுத் தறி வீட்டில் உட்கார்ந்திருக்கிற என்னிடம், செட்டிநாடு வேண்டுமா வேறு வேண்டுமா என்று கேட்கிறார்கள். "ரெண்டும் வேற வேறயா?" என்றேன்.

"வேறதான் ஆச்சி. செட்டிநாடுன்னா கடைக்குப் போறது. நூல் சன்னம், கரை சின்னது, ஜாக்கெட் துணி சேர்த்து வரும். என்ன கலருன்னு அவங்க போன்ல படம் அனுப்புவாங்க. கண்டாங்கின்னா இங்கத்தது. கரை அகலம், கெட்டியா இருக்கும். கட்டுறவங்க கேட்டாத்தான் போடுறது."

இரண்டையும் எடுத்து விரித்தார். செட்டிநாடு என்று அவர் சொன்னது அழகாகத்தான் இருந்தது. வெளிர் சாம்பலில் இளஞ்சிவப்புக் கரை, கையில் எடையே இல்லை. அலுவலகம் போகிற பிள்ளைகள் கட்டுவதற்கு வசதியானது. அதை நான் குறை சொல்ல முடியாது, துணி காலத்தோடு மாறத்தான் வேண்டும். பக்கத்தில் கண்டாங்கி. கறுப்பும் அரக்கும் கலந்த கட்டம், கடுகு மஞ்சள் கரை. விரித்த மாத்திரத்தில் கூடமே நிறைந்துவிட்டது. அந்த ஐயா தறியை நிறுத்திவிட்டு எங்கள் பேச்சில் கலந்துகொண்டார். ஓட்டம் இருப்பது செட்டிநாட்டுக்குத்தான் என்றார். கண்டாங்கி கேட்டு வருகிறவர்கள் வயசான ஆச்சிமார், அப்புறம் படிக்கிற பிள்ளைகள் சிலர். பேச்சுவாக்கில் நான் சென்னையில் பார்த்த அச்சுக் கட்டத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் அதற்குக் கோபப்படவே இல்லை. "மெஷின் துணியையும் செட்டிநாடுன்னுதான் விக்கிறான், நாங்க நெய்ஞ்சதையும் அதே பேருலதான் விக்கிறான். ரெண்டையும் பக்கத்துல வச்சா வாங்குறவங்க வெலையத்தானே பாப்பாங்க? அது அத்தனை ரூபாய்க்குக் கிடைக்குது, உனக்கு எதுக்கு இத்தனைன்னு எங்கிட்ட வந்து கேக்குறாங்க ஆச்சி" என்றார்.

பள்ளத்தூர்க் கல்யாண வீட்டில் எனக்கு வராத பதில் அந்தத் தறியடியில் இருந்தது. பெயர் பரவினால் ஊருக்கு நல்லது என்று அண்ணன் சொன்னார். பெயர் மட்டும் தனியாகப் பரவினால், அது விசைத்தறித் துணியையும் கைத்தறித் துணியையும் ஒரே தராசில் நிறுத்திவிடுகிறது. அப்போது இறங்குவது இந்த ஐயாவின் கூலி. காலிக்கோவுக்கு நடந்தது இதுதான். இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகள் காலிக்கோவை அதே பெயரில் மலைமலையாக ஓட்டித் தள்ளின. பெயருக்கு எந்தச் சேதமும் இல்லை, அகராதியில் இன்றைக்கும் பத்திரமாக இருக்கிறது. சேதமெல்லாம் இந்தியத் தறிகளுக்கு.

இன்னொன்றும் அன்று உறைத்தது. செட்டிநாடு என்ற சொல்லே ஆட்பெயரிலிருந்து வந்த ஊர்ப்பெயர். செட்டியார்கள் வாழும் நாடு. அதாவது எங்கள் பெயர். நாங்கள் அந்தச் சேலையை வாங்கினோம், கட்டினோம், நல்ல விலை கொடுத்து ஆதரித்தோம், அதெல்லாம் உண்மை. ஆனால் நெய்தவர்கள் நாங்கள் இல்லை. நெசவுக் குடும்பங்கள் எங்களுக்குப் பக்கத்துத் தெருக்களில், வேறு குலத்தவராக, வேறு வாழ்க்கை வாழ்ந்தவர்கள். ‘செட்டிநாடு காட்டன்’ என்று சேலைமேல் எழுதினால் அதில் இருப்பது வாங்கியவரின் பெயர். கண்டாங்கி என்ற சொல் மட்டும்தான் தறியில் உட்கார்ந்தவர் சொல்லிக்கொண்டிருந்த, எங்கள் ஆயா கேட்டு வாங்கிய, துணியின் சொந்தப் பெயர்.

நல்லவேளையாகச் சட்டப் பதிவேட்டில் ஏறியிருப்பது அந்தப் பெயர்தான். 2019-இல் புவிசார் குறியீடு வாங்கியது காரைக்குடியின் கண்டாங்கிச் சேலை.  சந்தையில் காவல் இல்லாமல் திரிகிறது மற்றப் பெயர். ஆகவே கடையில் கேட்கும்போது கண்டாங்கி என்று கேளுங்கள் என்று தெரிந்தவர்கள் எல்லாரிடமும் சொல்ல ஆரம்பித்திருக்கிறேன். கூடவே கைத்தறி முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள், அது 2006 முதல் நடைமுறையில் இருக்கிறது. பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். எந்தத் தறி, யார் நெய்தது என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கடைக்காரருக்குத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, பத்துப் பேர் கேட்டால் பதினோராவது ஆளுக்காகத் தெரிந்து வைத்துக்கொள்வார். சேலையோடு வருகிற சீட்டில் நெசவாளர் பெயரைப் போட ஒரு வரி இடம் போதும். அவர் சம்மதத்தோடு அதைப் போடுகிற கடையில் நான் இரண்டு ரூபாய் கூடக் கொடுத்து வாங்குவேன்.

அண்ணனிடம் இதையெல்லாம் போனில் சொன்னேன். பாதிதான் ஒத்துக்கொண்டார். கண்டாங்கி என்று சொன்னால் டில்லிக்காரனுக்கு என்ன புரியும் என்கிறார். பெலிக்காட் என்றால் மலாய்க்காரனுக்கு முதலில் என்ன புரிந்தது, ஜார்ஜெட் என்றால் நமக்கு என்ன புரிந்தது, வாங்கிக் கட்டிப் பழகிய பிறகு புரியவில்லையா என்று கேட்டேன். "சரி, வரட்டும் பார்ப்போம்" என்றார்.

அண்ணன் மகளுக்குப் படம் அனுப்பிக் கேட்டதில் அவளும் கண்டாங்கியையே எடுத்துக்கொண்டாள். கறுப்பு வேண்டாம், ஆயா கட்டிய அரக்கும் மாம்பழ மஞ்சளும் வேண்டும் என்றாள். அந்த நிறத்தில் கைவசம் இல்லை. இப்போது தறியில் ஏற்றியிருக்கிற பாவு கடைக்குப் போக வேண்டியது, அது இறங்கினால்தான் இதை ஏற்ற முடியும், தை பிறந்துவிடும் என்றார் ஐயா. ஜாக்கெட் துணி சேர்க்க வேண்டாம், கரையை மட்டும் குறைத்துவிடாதீர்கள் என்று சொல்லி முன்பணம் கொடுத்துவிட்டு வந்தேன்.